காம்பின் நீளம்

ஐந்து வருடங்களுக்கு முன்பு எங்கள் அம்மாயி வீட்டு அகப்பையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இணையத்தில்தான் வந்தது. நண்பர்கள் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ‘எங்க பாட்டி வீட்டுலயும் இருந்துச்சு’ என்று எழுதினார்கள். இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். இப்போது எடுத்துப் படித்தால் அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் மொத்தமாகத் தவறான கட்டுரை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான அனுபவம். எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனும் டெஸ்ட்டில் தேறிவிடும். கடைசியில் பார்த்தால் எழுதச் சொன்ன புரோகிராமே அது இல்லை.

அந்தக் கட்டுரைக்கு நானே எழுதும் விமர்சனம் இது. கொஞ்சம் தாமதம்.

*

முதலில் பொருள். இராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மாயியின் ஊர். அம்மாயி போனபிறகு வீட்டை இடிப்பதற்கு முன்னால் அட்டாலியைச் சுத்தம் செய்தோம். ஓட்டை அண்டா, வெங்கல விளக்கு, வட்டில், ஒரு சாக்கு நிறைய மாட்டுக் கயிறு, இவற்றுக்கு நடுவே அந்த அகப்பை கிடந்தது. மாமா விறகோடு போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கொட்டாங்குச்சி அகப்பை செய்வது பார்க்கத்தான் எளிது. நன்றாக முற்றிய தேங்காயாக இருக்க வேண்டும். உடைத்த இரண்டு பாதிகளில் கண் இருக்கும் பாதி உதவாது. மூன்று கண்ணில் ஒன்று மெல்லிசு, ஒழுகும். கண் இல்லாத பாதியை எடுத்து, வெளிநாரைக் கத்தியால் சுரண்டி, உடைந்த கண்ணாடிச் சில்லால் இழைத்து வழவழப்பாக்குவார்கள். பிறகு விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளை. மூங்கிலைச் சீவி ஒரு துளையில் நுழைத்து மறு துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. மூங்கில் தண்ணீரில் ஊறி உப்பித் துளையை இறுக்கிக்கொள்ளும். தினமும் புழங்குகிற அகப்பை உறுதியாக இருக்கும். ஒரு மாதம் சும்மா மாட்டி வைத்தால் ஆட ஆரம்பித்துவிடும். புழங்கப் புழங்க இறுகும் பொருள் உலகத்தில் அதிகம் இல்லை என்று பழைய கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்த வரி பலருக்குப் பிடித்திருந்தது.

இஞ்சினியர் புத்தி விடாது. அதன் பொருத்தத்தையும் விளக்கியிருந்தேன். மரமும் ஓடும் வெப்பத்தைக் கடத்தும் அளவு எவர்சில்வரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. கொதிக்கிற சட்டிக்குள்ளேயே விட்டுவைத்தாலும் கை சுடாது. மண்சட்டியின் அடியைக் கீறாது. மோரும் புளியும் பட்டால் களிம்பு ஏறாது. மண்சட்டியும் கொட்டாங்குச்சி அகப்பையும் ஒன்றுக்காகவே இன்னொன்று பிறந்த ஜோடி. இதெல்லாம் இன்றைக்கும் சரிதான்.

*

பிறகு கட்டுரை உலகம் சுற்றப் போனது. இங்கேதான் எனக்குப் பெருமை அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1884இல் தொடங்கப்பட்ட பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் பொருட்களை நாடு வாரியாக அடுக்குவதில்லை, வகை வாரியாக அடுக்குகிறது. உலகத்துப் பூட்டுகள் எல்லாம் ஒரு பக்கம், படகுகள் ஒரு பக்கம். தெற்கு சூடானிலிருந்து போன பொருட்கள் அவர்களிடம் நிறைய உண்டு. கபோயெட்டா நகரைச் சுற்றி வாழும் டொபோசா என்ற மேய்ச்சல் மக்களுடையவையும் அதில் அடக்கம். அவர்கள் மரத்தில் செதுக்கும் கரண்டியின் படத்தைப் பார்த்துத்தான் நான் அட்டாலி அகப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தேன். மாடும் பாலும் சோளமும் அவர்கள் வாழ்க்கை. எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டு வாழ்க்கையும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏறக்குறைய அதுதான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் கீழே இந்தச் சமவெளியில் நம் பாட்டன்மார் தின்றது நெல்லுச்சோறு அல்ல. சோளம், கம்பு, ராகி. இந்த மூன்றும் ஆப்பிரிக்காவில் மனிதக் கையில் பழகிய தானியங்கள். சோளம் சூடான் பக்கம். கிழக்கு சூடானில் 5000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் சோள உமியின் அச்சுப் பதிந்திருக்கிறது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகேல் விளிம்பிலிருந்து. ராகி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து. கடல் வழியாகவோ கரை வழியாகவோ கைமாறிக் கைமாறி இந்தியாவுக்கு வந்தவை. ஆகவே கபோயெட்டாவில் கிண்டுவதும் இராசிபுரத்தில் கிண்டுவதும் தூரத்து உறவு உள்ள ஒரே கூழ். உலகெங்கும் பெண்கள் ஒரே அசைவில் ஒரே கூழைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று முடித்திருந்தேன்.

அந்த முடிப்புக்குத் துணையாக யானகி சோயெட்சுவையும் இழுத்திருந்தேன். சாதாரண மக்கள் அன்றாடம் புழங்கும், பெயர் தெரியாத கைகள் செய்த பொருட்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதிட்ட ஜப்பானியர். அதற்கென்றே 1936இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகம் நிறுவியவர். பெயர் தெரியாத கை, அன்றாடப் புழக்கம், அழகு. எங்கள் அகப்பைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

*

கட்டுரை வந்த வாரக் கடைசியில் ஒரு நண்பன் கூப்பிட்டான். காலேஜ் ஹாஸ்டலில் நான்கு வருடம் பக்கத்து அறை. அவனும் நாமக்கல் பக்கம்தான். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் முப்பது கிலோமீட்டர் இருக்காது. அவன் வீடு அருந்ததியர் குடியிருப்பில். எங்களுடையது கொஞ்சம் காடு கரை இருந்த கவுண்டர் வீடு. நான்கு வருடத்தில் இதை நாங்கள் பேசியதே இல்லை என்று சொன்னால் நம்புங்கள். பேசாமல் இருந்தது நட்பினால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“டேய், கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நீ காம்பு இருக்கற பக்கத்துல நின்னு எழுதியிருக்க.”

எனக்குப் புரியவில்லை. புரியலடா என்றேன்.

“கொட்டாங்குச்சி ரெண்டு விதமாப் பொழங்கும். காம்பு போட்டா அகப்பை. காம்பு இல்லாட்டி எங்க தாத்தா குடிச்சது. நீ ஒண்ணப் பத்தி மட்டும் எழுதிட்ட.”

அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் வேலை மாறுவதைப் பற்றியும் பெங்களூரு வாடகையைப் பற்றியும் கால் மணி நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லத் தோன்றியிருக்கும்.

கொங்குப் பகுதியின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் படித்திருக்கிறேன். குவளைக்கும் முன்னால் கொட்டாங்குச்சி இருந்தது என்றும் படித்திருக்கிறேன். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தெரியும். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவு விடுதியிலும் சத்திரத்திலும் பொதுப் புழக்கத்துக்கு வைத்த பாத்திரங்களைச் சாதி சொல்லி மறுப்பது குற்றம் என்று பாத்திரத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது என்பதும் தெரியும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை இரண்டு முறை படித்தவன் நான். பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலிப் பிள்ளைகளின் கதை அது. என் ஊரின் மண், என் ஊரின் பேச்சு. அதைப் படித்தபோது கலங்கினேன். இதெல்லாம் ஒரு ஃபோல்டரில் இருந்தது. அம்மாயியின் அகப்பை இன்னொரு ஃபோல்டரில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

*

அன்று ராத்திரி அகப்பையை எடுத்து அளந்தேன். காம்பு 24 அங்குலம். அம்மா இன்னும் சமையலறையில் மாட்டி வைத்திருக்கும் இன்னொரு பழைய அகப்பையின் காம்பை அளந்து சொல்லச் சொன்னேன். 11 அங்குலம்.

பழைய கட்டுரையில் இந்த நீளத்துக்கு நான் ஒரு விளக்கம் கொடுத்திருந்தேன். பெரிய பானை, பெரிய அடுப்பு, அனல் கைக்கு எட்டாமல் இருக்க நீளக் காம்பு என்று. வெப்பக் கடத்தல் கணக்கு வேறு போட்டிருந்தேன். கணக்கு சரி. ஆனால் காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு ஊற்றியது கம்மங்கூழ். முந்தின நாள் காய்ச்சி, ராத்திரி புளிக்கவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்தது. பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருக்கும். ஆறிய கூழுக்கு எதற்கு அனல் தாங்கும் காம்பு?

பானை ஆழமாக இருந்திருக்கலாம். அதற்கும் நீளம் வேண்டும்தான். இந்த வாதத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் கழித்தேன். பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

“அது வெளியாளுக்கு ஊத்தறது கண்ணு. ஊட்டுக்குள்ள பொழங்கறது வேற. ரெண்டையும் கலக்கக்கூடாதும்பாங்க உங்கம்மாயி.”

அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னார். காய்கறி நறுக்கும் கத்தி வேறு, தேங்காய் உடைக்கும் அருவா வேறு என்று சொல்கிற தொனி.

கேட்டபிறகு எனக்கே ஒன்று ஞாபகம் வந்தது. இதுவரை அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, நான் இரண்டாவதோ மூன்றாவதோ படித்த முழுப்பரீட்சை லீவு. அம்மாயி வீட்டின் பின்பக்கம் மாட்டுக் கட்டுத்தரை. அதன் கூரை எறவாரத்தில் மூன்று நான்கு கொட்டாங்குச்சிகள் செருகியிருக்கும். அதை எடுத்து நான் மண் சோறு ஆக்கி விளையாடப் போனேன். அம்மாயி ஓடி வந்து பிடுங்கி வைத்துவிட்டு, என் கையைக் கழுவிவிட்டார். ‘அது அவங்களுது சாமி’ என்றார். அடுத்தவர் பொருளை எடுக்கக்கூடாது என்று எனக்கு நல்ல புத்தி சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக அந்தக் காட்சி எனக்குள் நேர்மைக்கான பாடமாக இருந்திருக்கிறது.

கூழ் ஊற்றும் காட்சியும் அதே கட்டுத்தரைதான். ஆள்காரர் எறவாரத்திலிருந்து தன் தொட்டியை எடுத்து, கழுவி, குத்தவைத்து ஏந்துவார். அம்மாயி படியில் நின்று நீளக் காம்பு அகப்பையால் மொண்டு ஊற்றுவார். அகப்பை தொட்டியின் மேல் படாது. நடுவில் ஒரு முழம் கூழ் கயிறு மாதிரி இறங்கும். ஒரு சொட்டுச் சிந்தாது. சின்ன வயதில் அதை வித்தை மாதிரி வேடிக்கை பார்த்திருக்கிறேன். அம்மாயியின் கைப்பக்குவம் என்று பழைய கட்டுரையில் எழுதியதும் இதைத்தான்.

அம்மாயி கொடுமைக்காரர் இல்லை. யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. போதும் என்று சொன்னபிறகும் இன்னோர் அகப்பை ஊற்றுவார். இதை அம்மாயிக்காக வாதாடச் சொல்லவில்லை. அன்பான கையிலும் அந்தக் காம்பு 24 அங்குலம்தான் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். காம்பைச் சீவியவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் அளவு சொல்லித்தான் சீவச் சொல்லியிருப்பார்கள்.

*

இப்போது யானகியிடம் திரும்பிப் போகலாம். அவர் கொண்டாடிய பொருட்களில் ஒன்று கிஸாயெமோன் என்று பெயர் சூட்டப்பட்ட கிண்ணம். கொரியாவில் ஏழைகள் சோறு தின்ற மலிவான கிண்ணம். ஜப்பானுக்குப் போய்த் தேநீர்ச் சடங்கின் பொக்கிஷமாயிற்று. அதன் எளிமையை யானகி உருகி உருகி எழுதினார். கொரியாவை ஜப்பான் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவர் கொரியர்கள்மேல் உண்மையான பரிவு கொண்டவர், தன் அரசின் அடக்குமுறையைக் கண்டித்து எழுதியவர். ஆனாலும் கொரியக் கலையின் அழகு ‘சோகத்தின் அழகு’ என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்த கொரிய விமர்சகர்கள் ஏற்கவில்லை. ஆளுகிறவன் கண்ணுக்குத்தான் ஆளப்படுகிறவன் பாத்திரத்தில் சோகம் அழகாகத் தெரியும் என்பது அவர்கள் கட்சி.

பழைய கட்டுரைக்காக யானகியைப் படித்தபோது இந்த விவாதத்தையும் படித்திருந்தேன். அதில் ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். சேர்த்தால் கட்டுரையின் ஒழுக்கு கெடும் என்று விட்டுவிட்டேன். ஒழுக்கு கெட்டிருக்க வேண்டும்.

வகை வாரியாக அடுக்கும் அருங்காட்சியகத்தின் சிக்கலும் இதுதான். கரண்டிகளை எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், கரண்டி என்பதன் வடிவம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று அழகாகத் தெரியும். ஆனால் கரண்டி பாதிப் பொருள். அது எதிலிருந்து மொள்கிறது, எதில் ஊற்றுகிறது, நடுவில் யார் நிற்கிறார்கள் என்பது மீதிப் பாதி. அந்தப் பாதியை விட்டுவிட்டு ‘உலகெங்கும் பெண்கள் ஒரே கூழைக் கிண்டுகிறார்கள்’ என்று எழுதிவிட முடிகிறது. தானியம் ஒன்றுதான். ஊற்றும் உயரம் ஊருக்கு ஊர் வேறு. டொபோசா கரண்டியின் படத்தைப் பார்க்கும்போதும் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, இதில் முதலில் யாருக்கு ஊற்றுவார்கள் என்பதுதான். நான் செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

தமிழ் இலக்கியத்தில் அகப்பைக்கு நல்ல பெயர் இல்லை. நாலடியாரில் அதற்கு மூழை என்று பெயர். புல்லறிவாண்மை அதிகாரத்தில் வருகிறது. அறம் சொல்வதைக் கேட்டு இகழ்கிறவன், பால்கூழுக்குள்ளேயே கிடந்தும் அதன் சுவை தெரியாத மூழைக்குச் சமம். தம்மபதத்திலும் மூடரைப் பற்றிய பகுதியில் இதே உவமை உண்டு. வாழ்நாள் முழுக்க அறிஞனோடு இருந்தும் ஒன்றும் கற்காதவன், குழம்பில் கிடக்கும் அகப்பை.

முன்பு இந்த உவமையைப் படித்தபோது அகப்பைக்காகப் பரிந்து பேசத் தோன்றியது. பாவம், அதற்கு நாக்கா இருக்கிறது என்று. இப்போது அந்த உவமை துல்லியமானது என்று படுகிறது. ஆனால் யாருக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக் கூழைக் குடித்து வளர்ந்து, அந்த அகப்பையைக் கையில் பிடித்து, அதைப் பற்றி நீளக் கட்டுரையும் எழுதிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்தவன் நான்தான்.

பழமொழிகளைப் பாருங்கள். ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இயற்பியல் விதி மாதிரி நியாயமாக ஒலிக்கிறது. இன்னொன்று அவ்வளவு பிரபலமில்லை: ‘அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும்.’ போடுகிற சோற்றைக் குறைத்தால் திமிர் அடங்கிவிடும் என்று அர்த்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவது, குறைச்சல் சட்டியில் இருக்கிறது, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்கிறது. இரண்டாவது, குறைப்பது எங்கள் கைதான் என்று ஒப்புக்கொள்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து வரக்கூடியவை. கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து எது வரும் என்று மாறும். மூன்றாவதாக, பரிமாறுகிறவன் தன்னவனாக இருந்தால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று ஒன்று உண்டு. அகப்பைக்குச் சுவை தெரியாமல் இருக்கலாம், ஆள் தெரியும் என்று இந்தப் பழமொழிக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மூன்றில் ஒன்றுகூட ஏந்துகிறவர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டதில்லை. கடைப்பந்திக்காரர்கூடப் பந்தியில் உட்கார இடம் உள்ளவர்தான்.

*

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். கைவினைப் பொருளைப் பற்றி யாராவது ரசித்து ஒரு பத்தி எழுதினால் உடனே சாதியைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டுமா? வடிவத்தை வடிவமாகப் பார்க்கவே கூடாதா?

நண்பனின் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடுத்த பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் ஒரு சுவர் முழுக்க எவர்சில்வர். டம்ளர்கள் அடுக்கடுக்காகக் கவிழ்த்து, கரண்டிகள் வரிசையாக மாட்டி, கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார். எங்கள் சமவெளிக்கும் எவர்சில்வருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சேலம் உருக்காலை 1981இல் ஓடத் தொடங்கியது. அங்கே உருட்டிய தகடு நாடு முழுக்கப் பாத்திரமாயிற்று. நாணயத்துக்கான வட்டத் தகடுகளும் அங்கே வெட்டுகிறார்கள். நம் கொட்டாங்குச்சி அகப்பையை ஒழித்தது எவர்சில்வர் என்று நான் பழைய கட்டுரையில் ஒரு பாட்டம் வருத்தப்பட்டிருந்தேன்.

பேச்சுவாக்கில், “கொட்டாங்குச்சி அகப்பை இப்பல்லாம் ஆன்லைன்ல விக்கறாங்கம்மா, 249 ரூவா” என்றேன். அவர் சிரித்தார்.

“சும்மா குடுத்தாலும் எங்கூட்டுக்குள்ள அது வராது தம்பி. எங்கப்பன் எவர்சில்வர் டம்ளர்ல ஒருநாளும் குடிச்சதில்ல. கல்யாணத்துக்கு எனக்கு ஆறு வாங்கிக் குடுத்துச்சு. அது இன்னும் இருக்குது பாருங்க.”

எடுத்துக் காட்டினார். அடியில் அவர் பெயர் பொறித்திருந்தது. மலிவான மெல்லிய தகடு, இரண்டு நசுங்கியிருந்தன. வடிவம் என்று பார்த்தால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. யானகி எடுத்து வைத்திருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நான் பார்த்த பொருட்களில் மிக அழகாகப் பேணப்பட்ட பொருள் அதுதான். யார் கைக்கு எது எப்போது வந்தது என்பதும் பொருளின் வடிவத்தில் சேர்த்தி என்றால், அந்த டம்ளரைப் பற்றி எழுத ஒரு நீளக் கட்டுரைக்கான விஷயம் இருக்கிறது. அதை எழுத வேண்டியவன் நான் இல்லை.

எவர்சில்வர் விடுதலை கொடுத்துவிட்டது என்றும் எழுத மாட்டேன். இரட்டைக் குவளை எவர்சில்வரிலும் இருந்தது, அப்புறம் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் வந்தது. எந்தத் தகடும் தானாக எதையும் மாற்றுவதில்லை. நான் சொல்வது சின்ன விஷயம். ‘மரபுப் பொருட்கள் அழிகின்றனவே’ என்று நாம் எழுதும்போது, அது அழிந்ததில் நிம்மதி அடைந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் போதாது.

ஆகவே எதிர்க்கேள்விக்கு என் பதில், வடிவத்தைப் பாருங்கள், இன்னும் நன்றாகவே பாருங்கள் என்பதுதான். பழைய கட்டுரையின் தவறு வடிவத்தைப் பார்த்தது அல்ல. காம்பின் நீளத்தைப் பார்த்துவிட்டு, தப்பான காரணத்தோடு திருப்தியடைந்தது. ஆறிய கூழ் என்ற ஒரே ஒரு தகவல் என் கையிலேயே இருந்தது. அதை வைத்து என் விளக்கத்தை நானே உடைத்திருக்க முடியும். அப்படிச் செய்யாததற்குக் காரணம் ரசனைக் குறைவு இல்லை, அந்த விளக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

*

அகப்பை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. முன்பு ஹாலில் சுவரில் மாட்டி, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டிருந்தேன். கழற்றிவிட்டேன். நண்பன் ஒருமுறை வந்தபோது காட்டச் சொன்னான். கையில் வாங்கி, காம்பின் நுனியைப் பிடித்து, இல்லாத கூழை இல்லாத தொட்டியில் ஊற்றிப் பார்த்தான். “நல்ல பேலன்ஸ்டா” என்றான். அவனும் இஞ்சினியர்தானே. பிறகு திருப்பிக் கொடுத்தான்.

“விறகுல போட்றட்டா?” என்று கேட்டேன்.

“போடாத. இதாவது இருக்கட்டும். அந்தத் தொட்டி ஒண்ணாச்சும் எடுத்து வெச்சியா?”

இல்லை. வீட்டை இடிப்பதற்கு முன்பே கட்டுத்தரையைப் பிரித்துவிட்டார்கள். எறவாரத்தில் ஏதாவது இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. இருந்திருந்தாலும் அது வெறும் கொட்டாங்குச்சி. அட்டாலியில் ஏற்றி வைக்கிற பொருளாக யாருக்கும் பட்டிருக்காது. காம்பு போட்டது மிஞ்சியது, போடாதது மிஞ்சவில்லை.

அருங்காட்சியகத்தில் வைப்பது போல ஒரு சின்ன அட்டை எழுதி அகப்பையோடு நூலில் கட்டியிருக்கிறேன். கொட்டாங்குச்சி, மூங்கில். இராசிபுரம் வட்டம். காம்பு 24 அங்குலம். ஆறிய கூழ் ஊற்றப் பயன்பட்டது. வீட்டுக்குள் புழங்கியதன் காம்பு 11 அங்குலம். இதிலிருந்து வாங்கிக் குடித்த பாத்திரம் சேகரிக்கப்படவில்லை.